சாரணர் முகாமுக்கு நம் நாட்டில் தனி வரலாறு இல்லையா?

கேள்வி (ஒரு வாசகர், ஜூன் 2)

சாரணர் இயக்கம் வெள்ளைக்காரர்கள் விட்டுச் சென்ற சீருடை. குடியரசு நாளில் வரிசையில் நிற்பதைத் தவிர அதற்கு நம் நாட்டில் என்ன வரலாறு இருக்கிறது? என் மகளை முகாமுக்கு அனுப்பச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான்கு நாள் படிப்பு கெடும் என்பதைத் தவிர இதில் எனக்கு எதுவும் புலப்படவில்லை.

ஜூன் 2, இரவு

முதல் வாக்கியமே தவறு. வெள்ளைக்காரர்கள் அதை நமக்கு விட்டுச் செல்லவில்லை. நம்மை உள்ளே விடாமல்தான் வைத்திருந்தார்கள். 1909-ல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் கேப்டன் டி.எச். பேக்கர் முதல் சாரணர் படையைத் தொடங்கியபோது ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கும் மட்டுமே அதில் இடம். இந்தியச் சிறுவன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். தடம் பார்த்துப் போகவும், ஓசையில்லாமல் நகரவும், கொடியசைத்துச் செய்தி அனுப்பவும் இந்தியப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் அந்த வித்தை நாளை யாருக்கு எதிராகத் திரும்பும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். வங்காளத்தில் புரட்சிக் குழுக்கள் இயங்கிக்கொண்டிருந்த காலம் அது.

கதவு அடைபட்டதால் நம்மவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். நீங்கள் இல்லை என்று சொல்லும் தனி வரலாறு அதுதான். அதில் பெரிய பங்கு சென்னையில், அடையாற்றில் நடந்தது. நாளை விரிவாக எழுதுகிறேன். 1974-ல் எட்டாம் வகுப்பில் சாரணனாகச் சேர்ந்தவன் நான். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் சாரண ஆசிரியராக இருந்தேன். "எதுவும் புலப்படவில்லை" என்ற சொல்லைச் சும்மா கடந்து போக என்னால் முடியாது.

ஜூன் 3, காலை

அடையாற்றுக்குப் போகுமுன் பிரவுன்சீத் தீவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1907 ஆகஸ்ட் முதல் வாரம். இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் சின்னத் தீவு. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த ஆங்கிலேயப் படைத் தளபதி பேடன் பவலுக்கு அப்போது ஐம்பது வயது. சுமார் இருபது சிறுவர்களை அழைத்துக்கொண்டு போகிறார். அவர்களில் ஒரு பாதி, ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள். மறு பாதி, பூல், போர்ன்மத் ஊர்களின் சாதாரணக் குடும்பத்துப் பையன்கள். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் என்ற நீர்ப்பறவை எனப் பெயர் வைத்து நான்கு அணிகளாகப் பிரித்தார். பள்ளி பார்க்கவில்லை, அப்பாவின் தொழில் பார்க்கவில்லை, கலந்து பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் பெரிய பையன் ஒருவன் தலைவன். காலையில் எழுப்ப, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த 'கூடு' என்ற வகை மானின் கொம்பை ஊதினார்.

என் கணக்கில் அந்த இயக்கத்தின் உண்மையான கண்டுபிடிப்பு இந்த அணிதான். சீருடை படைகளில் முன்பே இருந்தது. கூடாரமும் இருந்தது. ஆனால் ஆறேழு பிள்ளைகளை ஒரு கூடாரத்தில் விட்டு, "உங்கள் சோற்றை நீங்களே ஆக்குங்கள், உங்கள் சண்டையை நீங்களே தீருங்கள், பொறுப்பு உங்களில் ஒருவனுக்கு" என்று பெரியவர் ஒதுங்கி நிற்பது அன்றைக்குப் புதிது. இன்றைக்கும் நம் பள்ளிகளில் அது புதிதாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3, மாலை

காலைக் குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் இயக்கம் 1907-ல் தொடங்கியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பிரவுன்சீ ஒரு வெள்ளோட்டம். 1908 ஜனவரி முதல் பேடன் பவலின் புத்தகம் இரண்டு வாரங்களுக்கு ஒரு பகுதியாக ஆறு பகுதிகள் வந்தது. அதைப் படித்த பையன்கள், பெரியவர்கள் யாரும் சொல்லாமலே, தாங்களே அணி சேர்ந்துகொண்டு காட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அமைப்பு அதன் பின்னால் ஓடிவந்தது. முதலில் பிள்ளைகள், பிறகுதான் அலுவலகம். இந்த வரிசையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் புத்தகத்தின் நான்காவது விதியையும் சொல்ல வேண்டும். சாரணன் எல்லோருக்கும் நண்பன். மற்றச் சாரணன் எந்தச் சமூக வகுப்பைச் சேர்ந்தவனாக இருந்தாலும் அவனுக்குச் சகோதரன். 1908-ல் அச்சில் வந்த விதி இது. அடுத்த ஆண்டே பெங்களூரில் படை தொடங்குகிறது, இந்தியச் சிறுவனுக்கு இடமில்லை. விதியை எழுதியவரின் கை ஈரம் காய்வதற்குள் அது மீறப்பட்டது. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. ஆனால் விதி அச்சில் இருந்ததால்தான் "எழுதியபடி நடவுங்கள்" என்று கேட்க நம்மவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஜூன் 4

அடையாறு.

1913 வாக்கில் வடக்கே ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு படை அமைத்தார். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் 1916-17-ல் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுதிமொழியும் அணி முறையும் பேடன் பவலுடையவை. தலையில் மட்டும் அகல விளிம்புத் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாட்டு, இந்தியப் பாட்டு.

"இது வெறும் அலங்கார மாற்றம்தானே" என்று நினைப்பவர்கள் அந்த ஆண்டில் வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். அம்மையார் தன்னாட்சி இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். 1917 ஜூனில் சென்னை அரசு அவரையும் அருண்டேலையும் பி.பி. வாடியாவையும் காவலில் வைத்தது. உதகமண்டலத்துக்குப் போனார்கள். செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தாவில் அம்மையார் காங்கிரஸ் தலைவர். அரசாங்கம் யாரை அபாயம் என்று அடைத்து வைத்ததோ அவர்களில் அம்மையாரும் அருண்டேலும்தான் நம் பிள்ளைகளுக்குக் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தவர்கள். தலைப்பாகையை அந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

1918-ல் அலகாபாத்தில் மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, பாஜ்பாய் மூவரும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். அவர்களுடைய கவனம் தொண்டில் இருந்தது: மேளாக் கூட்டத்தில் காணாமல் போன குழந்தைகளைச் சேர்ப்பது, தண்ணீர் கொடுப்பது, நோயாளிகளைத் தூக்கிச் செல்வது. நம் ஊர்த் திருவிழாக்களில் சாரணர்கள் கயிறு பிடித்து வரிசை ஒழுங்கு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கத்துக்கு இப்படி ஒரு நீண்ட வேர் உண்டு.

சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தப் பெயருக்குரியவர் சாரணர் முகாமுக்கும் தாய் என்பதை ஒருமுறை நினைத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

ஜூன் 5, பின்னிரவு

"வரலாறு இருக்கட்டும், நான்கு நாளில் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்" என்று கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

1975 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் ஒரு மாந்தோப்பு. மூன்று இரவுகள். நாங்கள் எங்கள் அணியில் ஏழு பேர். எங்கள் சார் கூடாரங்களைத் தூரத் தூரமாக அடிக்கச் சொன்னார், அணிக்கு ஓர் அடுப்பு. அரிசி, பருப்பு, விறகு அளந்து கொடுத்தார். அப்புறம் தன் கூடாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் நாளே பிரச்சினை வந்தது. யார் சமைப்பது என்பதில்தான். எங்களில் மூன்று பேர் தெற்குத் தெருவிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேர் அக்கிரகாரத்துக்கு அடுத்த வீதி, நானும் இன்னொருவனும் கடைத்தெரு. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருவோம், ஒரே பந்தை உதைப்போம். ஆனால் ஒருவன் ஆக்கியதை இன்னொருவன் தின்பது அதுவரை எங்களில் யாருக்கும் நடந்ததில்லை. ஒரு பையனின் அப்பா சைக்கிளில் தூக்குச் சட்டி கொண்டுவந்துவிட்டார், மகனுக்கு மட்டும்.

சார் அவரோடு வாதாடவில்லை. உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், தூக்குச் சட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, சமையல் முறை போடும் வேலை அணித் தலைவனுடையது என்றார். அது தன் வேலையும் இல்லை, அப்பாக்களின் வேலையும் இல்லை என்றார். எங்கள் தலைவனுக்குப் பதினைந்து வயது. ஏழு குச்சிகளை உடைத்து நீளத்துக்கு நீளம் வேறாக வைத்து எடுக்கச் சொன்னான். முதல் நாள் குச்சி தெற்குத் தெருப் பையனுக்கு விழுந்தது.

சோறு அடிப்பிடித்திருந்தது. சாம்பாரில் புளி தூக்கல். ஏழு பேரும் தின்றோம். தூக்குச் சட்டிக்காரன் கடைசியாகத் தட்டை நீட்டினான், ஆனால் இரண்டு முறை வாங்கினான். பசிதான் காரணம் என்று சிலர் சொல்லலாம். பசியாகவே இருக்கட்டும். எத்தனையோ மேடைப் பேச்சுகள் செய்யாததை அந்தப் பசி செய்தது. நான்காவது விதியை அன்றுவரை மனப்பாடமாகத்தான் தெரியும்.

இரண்டாவது இரவு மழை பிடித்தது. நனைந்தால் பருத்திக் கயிறு சுருங்கும். சுருங்கினால் முளையைப் பிடுங்கும், அல்லது துணியைக் கிழிக்கும். பாடத்தில் படித்திருந்தேன். நள்ளிரவில் எழுந்து போய்க் கூடாரத்தின் எட்டுக் கயிறுகளையும் தளர்த்திக் கட்டினேன். அடுத்த கூடாரத்தில் யாரும் எழவில்லை. விடியும்போது அது சேற்றில் கிடந்தது. எங்களுடையது நின்றது.

ஜூன் 6

சிறு குறிப்பு. மழையில் கூடாரத் துணியை உள்பக்கமாக விரலால் தொடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பருத்தித் துணியில் தொட்ட இடம் ஒழுகத் தொடங்கும். ஒவ்வொரு முகாமிலும் ஒரு பையனாவது தொட்டுப் பார்ப்பான். அவன் படுக்கைக்கு மேலேதான் தொடுவான்.

ஜூன் 7

"சாரணர் என்பது சமஸ்கிருதச் சொல், அதை ஏன் வைத்தார்கள், ஒற்றர் என்று வைத்திருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி எனக்குப் பிடித்தது. நம் இலக்கியத்தில் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடந்து போகும் வழியில் சாரணர் வருகிறார்கள். அங்கே அவர்கள் வானில் செல்ல வல்ல சமண முனிவர்கள். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்கும் மலையில் இருப்பவர்கள் "நக்க சாரணர் நாகர்". ஆடையில்லாத, மனிதரைத் தின்னும் மக்கள். சாதுவனுக்கு அவர்கள் மொழி தெரிந்திருந்தது, அதனால் பிழைத்தான். வேவு பார்ப்பவன் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு.

முனிவரையும் ஒற்றனையும் ஒரே சொல்லில் சேர்த்து வைப்பது எது? சரித்தல், அதாவது இயங்கிக்கொண்டிருத்தல். ஓரிடத்தில் நில்லாமல் திரிபவன் சாரணன். ஒற்றர் என்று வைத்திருந்தால் இரகசியம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும், நடை போயிருக்கும். யார் தேர்ந்தெடுத்த சொல்லோ, நல்ல காது உள்ளவர்.

சாதுவன் கதையையும் விட்டுவிடாதீர்கள். அறியாத கூட்டத்தின் நடுவே போய் விழுந்து, அவர்கள் மொழியில் பேசி, அவர்களோடு உட்கார்ந்த ஒருவனின் கதை. முகாமில் முதல் இரவு பாடுவதற்குப் பதில் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நெருப்பைச் சுற்றி ஒரு சத்தம் இருக்காது.

ஜூன் 9

பேடன் பவலைப் பற்றி நான் இருமனமாக எழுதுவதாகக் குற்றச்சாட்டு. இருமனம்தான். மறைக்கவில்லை.

1921-ல் அவர் இந்தியா வந்தார். சென்னையில் அம்மையாரின் சங்கம் பேடன் பவலின் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. யாரை அரசு அடைத்து வைத்ததோ அவரையே இந்தியச் சாரணர்களின் கௌரவ ஆணையராக்கினார்கள். நான்கே ஆண்டுகளில் அடைபட்ட கதவு அப்படித் திறந்தது. மாளவியாவின் பக்கம் இணையவில்லை. அன்றைய உறுதிமொழியில் கடவுளுக்கு அடுத்து மன்னருக்குக் கடமை என்று இருந்தது. அந்தச் சொல்லை வாயால் சொல்ல எல்லோராலும் முடியுமா?

1937 பிப்ரவரியில் தில்லியில் முதல் அகில இந்திய ஜாம்போரி, அதாவது சாரணர் பெருங்கூடல். எண்பது வயதை நெருங்கிய பேடன் பவலும் அவர் மனைவியும் வந்தார்கள். திரும்பிப் போன பிறகு இந்தியர்களின் குணத்தைத் தாழ்த்தி அவர் வெளியிட்ட கருத்துகள் நாடு முழுவதும் கொதிப்பை உண்டாக்கின. 1938-ல் பலர் வெளியேறி, இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. விடுதலை வந்தபோது நம் நாட்டுப் பிள்ளைகள் தனித்தனிச் சங்கங்களாக, தனித்தனிக் கொடிகளின் கீழ் நின்றார்கள். நேருவும் மௌலானா ஆசாத்தும் முன்னின்று வலியுறுத்தி, 1950 நவம்பர் 7-ல் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாக்கினார்கள்.

ஆக, அந்த மனிதரின் கைக்கு எட்டாத இடத்துக்கு அவருடைய கண்டுபிடிப்பு போய்விட்டது. அவருடைய விதியை அவரைவிட நன்றாகக் கடைப்பிடித்தவர் எங்கள் அணித் தலைவன். பதினைந்து வயது, ஏழு குச்சிகள்.

ஜூன் 9, இன்னும் கொஞ்சம்

மேலே எழுதியது கடுமையாக இருக்கிறதா என்று யோசித்தேன். திருத்த மனமில்லை, ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று. 1897-ல் அவர் மீரட்டில் ஒரு குதிரைப் படைக்குத் தலைமை ஏற்றார். அங்கே சிப்பாய்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து வேவுப் பயிற்சி கொடுத்தார். தேறியவர்களுக்குத் தந்த அம்பு முனைச் சின்னம்தான் பின்னாளில் உலகெங்கும் சாரணர் சின்னமானது. நம் மண்ணில் பிறந்த சின்னத்தை நம் பிள்ளைகள் அணிய 1909-ல் அனுமதி இல்லை.

இரண்டாவது, மணிகள். சாரண ஆசிரியர்களின் உயர்பயிற்சி முடித்தவர்களுக்குத் தோல் கயிற்றில் கோத்த இரண்டு மர மணிகள் தருவார்கள். நம் நாட்டில் ஹிமாலய வுட் பேட்ஜ் என்று பெயர். எனக்கு மத்தியப் பிரதேசத்து மலையூரான பச்மடியில் கிடைத்தது. இடார்சியில் ரயில் மாறி, பிபரியாவில் இறங்கி, மலைப் பாதையில் பஸ் ஏறிப் போனேன். அந்த மணிகளைக் கழுத்தில் போட்ட அன்று இரவு தூங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

அவற்றின் மூலம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1888-ல் தென்னாப்பிரிக்காவின் ஜூலு நாட்டுப் படையெடுப்பின்போது பேடன் பவல் கையில் சேர்ந்த, மன்னர் தினிசுலுவின் கழுத்து மாலை. 1919-ல் இங்கிலாந்தின் சாரணர் பயிற்சி இடமான கில்வெல் பூங்காவில் நடந்த முதல் பயிற்சிக்கு அதிலிருந்து மணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பரிசாகப் பெற்றது என்று ஒரு கூற்று, கைவிடப்பட்ட குடிசையில் எடுத்தது என்று ஒரு கூற்று. தோற்ற ஓர் அரசனின் மாலை. என்னுடையவை பிற்காலத்தில் கடைந்தவைதான், ஆனாலும் அறிந்த நாள் முதல் அவற்றை அணியும்போது கனம் கூடியிருக்கிறது. கழற்றி வைக்கவில்லை. அணிந்து, கதையையும் சொல்கிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரியவர்கள் கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கின்றன.

ஜூன் 10

இடது கையால் ஏன் கை குலுக்குகிறார்கள் என்று கேட்டவருக்கு: மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி நாட்டு வீரர்கள் கேடயத்தை இடது கையில் பிடிப்பார்கள், அதைக் கீழே வைத்து அந்தக் கையை நீட்டுவது முழு நம்பிக்கைக்கு அடையாளம் என்று வழிவழியாக ஒரு கதை சொல்கிறோம். கதை அழகானது. வரலாறு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஜூன் 12

"மகளைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் பையன்களைப் பற்றியே எழுதுகிறீர்கள்." நியாயம். இத்தனை நாள் விட்டது பிழை.

1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாரணர்கள் கூடினார்கள். அழைக்கப்படாமலே சில சிறுமிகள் தாங்களே சீருடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். "நாங்களும் சாரணர்கள்தான்" என்றார்கள். அடுத்த ஆண்டு பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் தலைமையில் அவர்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. ஜூன் 3-ல் சொன்னேனே, முதலில் பிள்ளைகள், பிறகு அலுவலகம் என்று. இதிலும் அதே வரிசை. கேட்காமல் வந்து நின்ற சிறுமிகள்தான் சாரணியர் இயக்கத்தின் தோற்றம்.

இந்தியாவில் முதல் சாரணியர் குழு 1911-ல் ஜபல்பூரில். 1951 ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் சாரணரும் ஒரே அமைப்பானார்கள். பல நாடுகளில் பிரிந்தே இருக்கும்போது நாம் அன்றே சேர்ந்தோம். 1966-ல் புனேயில் திறக்கப்பட்ட 'சங்கம்' என்ற இல்லம் உலகச் சாரணியருக்கான மையங்களில் ஒன்று.

வீட்டுக் கதை இது. என் தங்கை எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் சாரணியராக இருந்தாள். முடிச்சுப் போடுவதில் என்னைவிடக் கெட்டி. கண்ணைக் கட்டிவிட்டாலும் போலைன் முடிச்சை ஒரு கையால் போடுவாள். முகாமுக்கு அனுப்ப வீட்டில் இசையவில்லை. நானும் அவளுக்காகப் பேசவில்லை. மூன்று முகாம்கள் போய் வந்து அவளிடம் கதை சொல்லியிருக்கிறேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலி போட்டவர்களைப் பற்றி முதல் நாள் அவ்வளவு ஆத்திரமாக எழுதினேன். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு வேலி இருந்தது. 1998-ல் என் மகள் முதல் முகாமுக்குப் புறப்பட்டபோது பெட்டி கட்டிக் கொடுக்க வந்தவள் தங்கைதான். கயிற்றுச் சுருளை மேலே வைத்தாள்.

ஜூன் 15

கேள்வியில் ஒரு பகுதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "வரிசையில் நிற்பதைத் தவிர." அந்தக் குறை உண்மையானது. எனக்கும் அது வலிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் முகாமுக்கு அழைத்தார்கள். போனேன். முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். மின்விசிறி, சமையற்காரர், பந்தி. கூடாரம் ஒன்று முற்றத்தில் காட்சிக்கு நின்றது, உள்ளே யாரும் படுக்கவில்லை. பிள்ளைகள் மூன்று நாளும் வருகிற விருந்தினருக்கு வணக்கம் வைக்கப் பழகினார்கள். கடைசி நாள் எல்லோருக்கும் சான்றிதழ். ஒரு பையனிடம் அவனுடைய அணியின் பெயர் என்ன என்று கேட்டேன். 'சி' பிரிவு என்றான்.

அந்தப் பள்ளி ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாம்பு, மழை, ஆறு, பெற்றோரின் கோபம், எல்லாவற்றுக்கும் ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டு, "தைரியமாகக் கூட்டிப் போங்கள்" என்றால் எந்த ஆசிரியர் போவார்? பாதுகாப்பு வேண்டும்தான். நான் நடத்திய முகாம்களிலும் இரவுக் காவல் முறை உண்டு. ஆற்றில் இறங்கக் கயிறும் நீந்தத் தெரிந்த இருவரும் இல்லாமல் அனுமதித்ததில்லை. ஆனால் சமையலை எடுத்துவிட்டு, கூடாரத்தை எடுத்துவிட்டு, அணியை எடுத்துவிட்டு மிச்சத்துக்கு முகாம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே மகளின் பள்ளியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே தூங்குவார்கள்? யார் சமைப்பார்கள்? ஓர் அணியில் எத்தனை பேர்? "கூடாரத்தில், அவர்களே, ஆறு முதல் எட்டு" என்று பதில் வந்தால் அனுப்புங்கள். நான்கு நாள் பாடத்தைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: இரண்டாவதற்குப் பதில் "சமையற்காரர்" என்று வந்ததாம். அவரும் இன்னும் நான்கு பெற்றோரும் போய்ப் பேசியதில், கடைசி நாள் ஒருவேளை மட்டும் பிள்ளைகளே சமைப்பார்கள் என்று ஒப்புக்கொண்டார்களாம். ஒருவேளை போதாது. ஆனால் ஒருவேளையிலிருந்து தொடங்கலாம். உப்புமாவில் தொடங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள், காற்றடிக்கும் வெளியில் அடுப்பு ஒரே சீராக எரியாது, கட்டி தட்டும். கஞ்சியும் துவையலும் செய்யட்டும். விறகை முந்தின இரவே கூடாரத்துக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 22

ஒரு திருத்தம். ஜூன் 5-ல் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பழைய அணியைச் சேர்ந்த ஒருவன் நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டான். அன்று தூக்குச் சட்டி வந்தது அவனுக்குத்தான். ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன, குரலில் அந்தக் கட்டை அப்படியே இருக்கிறது.

சமையல் கதை சரி என்றான். மழைக் கதையில்தான் பிழை. எட்டுக் கயிறுகளையும் நான் தளர்த்தவில்லையாம். நான் ஒரு பக்கத்து நான்கைத்தான் தளர்த்தினேன். மறு பக்கத்தில் இருட்டில் யாரோ ஏற்கெனவே குனிந்து நின்றிருந்தார்கள். முதல் நாள் சோறு ஆக்கிய பையன் அது. இவன் கூடாரத்துக்குள்ளிருந்து விளக்குப் பிடித்தானாம், அதனால் நிச்சயமாகத் தெரியும் என்கிறான்.

கண்ணை மூடிப் பார்த்தால் எனக்கு எட்டுக் கயிறுகளும் என் கையில்தான் இருக்கின்றன. ஆனால் விளக்குப் பிடித்தவன் சொல்வதை நம்புகிறேன். அந்தக் குறிப்பைப் படிக்கிறவர்கள் நான்கு என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.